ஒற்றைக் கால் வீக்கம்: சொல்லப்படாத எச்சரிக்கை

நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் ஒரு குடும்பம் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எத்தனை ஊசி? எத்தனை நாளைக்கு ஒரு முறை? முடி கொட்டுமா? வாந்தி வருமா? மொத்தம் எவ்வளவு செலவாகும்? ஆள் பிழைப்பாரா? இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

"ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன செய்வது?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாது. பல இடங்களில் அதை எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்தக் கேள்வியில் பலருடைய உயிர் அடங்கியிருக்கிறது. புற்றுநோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதல் இடம் அந்த நோய்க்கே. அடுத்தபடியாக டாக்டர்கள் சொல்லும் காரணங்களில் முன்னால் நிற்பது, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. ரத்தக் குழாய் இப்படி அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் புற்றுநோயாளி. புற்றுநோய் இல்லாதவரைவிடப் புற்றுநோயாளிக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அதிலும் நுரையீரல் புற்றுநோய், ஆபத்து அதிகம் உள்ள வகைகளில் ஒன்று. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், 100 நோயாளிகளில் 5 முதல் 15 பேருக்குள் இது வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தியாவில் ஓர் ஆண்டில் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வருகிறவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. அப்படியானால் கால் வீக்கத்தை எதிர்பார்த்து இருக்க வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை ஏதோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

மும்பையில் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பாஷை. மற்றொன்று ஊருக்குப் போகும் ரெயில்.

ரத்தம் ஏன் உறைகிறது?

விரலில் கத்தி பட்டால் ரத்தம் சிறிது நேரம் வழிகிறது. பிறகு உறைந்து நின்றுவிடுகிறது. அப்படி உறையாவிட்டால் சிறிய காயத்திலேயே மனிதன் செத்துப்போவான். உயிரைக் காக்கும் அதே உறைதல், காயமே இல்லாத இடத்தில், குழாய்க்குள்ளேயே நடந்தால் உயிருக்கு ஆபத்தாகிறது.

இப்படி நடப்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்வார்கள். 1850-களில் ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோ செய்த ஆராய்ச்சிகளை வைத்து, அவர் பெயராலேயே இந்த மூன்றும் வழங்குகின்றன. ரத்தம் ஓடாமல் தேங்குவது முதல் காரணம். குழாயின் உட்சுவர் கெடுவது இரண்டாவது. ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறிவிடுவது மூன்றாவது.

நுரையீரல் புற்றுநோயில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சோர்வில் நோயாளி படுத்தே கிடக்கிறார். காலில் ரத்தம் தேங்குகிறது. மார்புக்குள் வளரும் கட்டி பெரிய ரத்தக் குழாயை நெருக்குகிறது. புற்றுநோய் மருந்தும், மருந்து ஏற்றக் கையிலோ மார்பிலோ பொருத்தும் குழாயும் ரத்தக் குழாயின் சுவரைப் புண்ணாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றுநோய்ச் செல்களே ரத்தத்தை உறையச் செய்யும் பொருளைச் சுரக்கின்றன.

நுரையீரல் புற்றுநோயிலும் "அடினோகார்சினோமா" என்ற வகையில் இது அதிகம். "சிஸ்பிளாட்டின்" என்ற மருந்து ஏற்றும்போது ஆபத்து கூடுகிறது. நோய் தெரிந்த முதல் சில மாதங்கள்தான் மிகவும் மோசமான காலம். குடும்பம் பணத்துக்கும் படுக்கைக்கும் அலைந்துகொண்டிருக்கும் அதே மாதங்கள்!

பாரிஸ் டாக்டர் கண்டது

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பாரிஸ் நகரில் ஆர்மான் ட்ரூசோ என்ற பெயர்பெற்ற டாக்டர் இருந்தார். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் காரணம் இல்லாமல் ரத்தக் குழாய் அடைத்து வீக்கம் வருகிறது என்று 1865-ல் அவர் பாடம் நடத்தினார். 1867-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கே அந்த வீக்கம் வந்தது. தனக்கு வந்திருப்பது என்ன என்பதில் இனிச் சந்தேகம் இல்லை என்று தன் மாணவரிடம் சொன்னார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வயிற்றுப் புற்றுநோயால் அதே ஆண்டு அவர் இறந்தார். இன்றும் இந்த நிலைக்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

காரணம் தெரியாமல் காலில் ரத்தம் உறைந்து வருகிறவர்களில், 100-க்கு சுமார் 5 பேருக்கு ஓர் ஆண்டுக்குள் எங்காவது புற்றுநோய் தெரிய வருகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பல வருஷம் பீடி குடித்தவர், இருமலும் எடைக் குறைவும் உள்ளவர், காலில் இப்படி அடைப்பு வந்தால், மார்பையும் பார்த்துவிட வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

ட்ரூசோவுக்குத் தன் வீக்கம் என்னவென்று தெரிந்தது. அதை மாற்ற அவர் கையில் மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. நோயாளிக்கு வீக்கம் என்னவென்று தெரியவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை இப்படி இருப்பது வெட்கப்பட வேண்டிய காரியம்.

வீக்கத்துக்குச் சொல்லும் சமாதானங்கள்

கால் வீங்கியதும் வீட்டில் சொல்லும் சமாதானங்கள் பல. "வெகு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்." "ஊசி போட்ட உடம்பு, நீர் கோத்திருக்கும்." "வாயு பிடித்திருக்கும்." இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கால் மட்டும், அல்லது ஒரு கால் மற்றதைவிட அதிகமாக வீங்கினால், கெண்டைச் சதை வலித்தால், தொட்டால் சூடாக இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

தையல்காரர் டேப் ஒன்று இருந்தால் போதும். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில் கெண்டைச் சதையை அளந்து பார்க்கலாம். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைப் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் அதற்குக் குறைவாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. மருந்துக் குழாய் பொருத்திய கை வீங்கினாலும் இதே அர்த்தம்தான். காலையில் எழுந்ததும் முகமும் கழுத்தும் உப்பியிருந்தால் மார்பில் உள்ள பெரிய குழாய் நெருக்கப்படுகிறது என்று பொருள். அதுவும் அவசரமே.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று நம்மவர்களை ஏமாற்றிவிடுகிறது. "ரத்தம் கட்டியிருக்கிறது" என்று டாக்டர் சொன்னால், அடிபட்ட இடத்தில் வரும் "ரத்தக்கட்டு" என்றே வீட்டார் நினைக்கிறார்கள். ரத்தக்கட்டுக்கு ஊரில் என்ன வைத்தியம்? புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். எண்ணெய் தடவி நன்றாக நீவிவிடுவார்கள்.

இந்த வீக்கத்தை நீவிவிடவே கூடாது. உள்ளே இருப்பது குழாயை அடைத்த உறைகட்டி. அழுத்தித் தேய்த்தால் அது பிய்ந்து ரத்தத்தோடு ஓடக்கூடும். காலிலிருந்து இதயத்துக்குப் போகும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும். அங்கே வழி அடைத்துவிட்டால் சில நிமிஷங்களில் உயிர் போவதும் உண்டு. அன்போடு நீவும் கையே ஆபத்தைக் கொண்டுவந்துவிடலாம். அதனால் "ரத்தக்கட்டு" என்ற சொல்லையே இதற்குப் பயன்படுத்தாமல் விட வேண்டும். "குழாய் அடைப்பு" என்று சொன்னால் யாரும் எண்ணெயைத் தேட மாட்டார்கள்.

மூச்சுத் திணறலின் வேஷம்

நுரையீரலுக்குப் போன உறைகட்டிக்கு அடையாளங்கள் உண்டு. திடீரென்று மூச்சு வாங்கும். மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்தும். நெஞ்சு படபடக்கும். இருமலில் ரத்தம் வரலாம். மயக்கம் வரலாம்.

மற்றவர்களுக்கு இப்படி வந்தால் வீடே அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும். நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு வந்தால், "அந்த வியாதிக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று இருந்துவிடுகிறார்கள். நோயாளியே அப்படித்தான் நினைக்கிறார். பழைய நோய்க்குப் பின்னால் புதிய ஆபத்து ஒளிந்துகொள்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நேற்று மாடிப் படியில் பாதி ஏறியவர் இன்று கட்டிலிலிருந்து எழுந்ததுமே இரைக்கிறார் என்றால் அது நோய் மெல்ல முற்றுவது ஆகாது. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. டாக்டரிடம் "மூச்சு வாங்குகிறது" என்று மட்டும் சொல்லாமல், "நேற்றுவரை இப்படி இல்லை, இன்று திடீரென்று வந்தது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை டாக்டரின் யோசனையையே மாற்றும். காலுக்கு டாப்ளர் ஸ்கேன், மார்புக்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஆகியவற்றால் அடைப்பைக் கண்டுபிடித்துவிடலாம். சிலருக்கு எந்த அடையாளமும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு.

பாஷை தெரியாத வார்டு

மும்பை பரேலில் 1941-ல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை நாடு முழுவதும் தெரிந்த பெயர். இந்த நகரில் இன்னும் பல பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இங்குள்ள டாக்டர்களின் திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. கூட்டமோ தாங்க முடியாத கூட்டம். ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். அந்தச் சில நிமிஷமும் இந்தியிலும் மராத்தியிலும் நடக்கிறது.

தாராவியிலோ செம்பூரிலோ இருபது வருஷம் இருந்தவருக்கு இந்தி தெரியாதா என்று கேட்கலாம். கடையில் பேசும் இந்தி தெரியும். வேலை இடத்து இந்தி தெரியும். ஆஸ்பத்திரி இந்தி வேறு. உறைகட்டிக்கு இந்தியில் "கூன் கா தக்கா" என்பார்கள். லோக்கல் ரெயிலில் தினமும் வாங்குகிற இடிக்கும் தமிழ்க் காதில் "தக்கா" என்றே விழுகிறது. ஊரிலிருந்து துணைக்கு வந்த அண்ணனுக்கோ மைத்துனருக்கோ அந்த இந்தியும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். டாக்டர் சொன்னாரா என்றால் சொன்னார். நோயாளிக்குத் தெரிந்ததா என்றால் தெரியவில்லை.

தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-ல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் விதத்தில், நோயைப் பற்றிய விவரம் சொல்லப்பட வேண்டும் என்பது அதில் உள்ள உரிமைகளில் ஒன்று. ஆகவே தமிழில் ஒரு சீட்டுக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. எந்த ஒரு ஆஸ்பத்திரியையும் குறிப்பிட்டுச் சொல்லும் குறையும் இல்லை இது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் எல்லா ஆஸ்பத்திரிகளும் செய்ய வேண்டிய சிறிய காரியம்.

மருந்துச் சீட்டோடு ஒரு பக்கத் தாள் கொடுத்தால் போதும். மராத்தி, இந்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, வங்காளி எனப் பல மொழிகளில் அதே விஷயத்தை அச்சிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு படம்: ஒரு கால் மெலிந்தும் ஒரு கால் பருத்தும். கீழே இரவிலும் ஆள் எடுக்கும் ஒரு டெலிபோன் நம்பர். வேறு எதுவும் வேண்டாம்.

அதுவரை, நம்மவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய வாக்கியம் இந்தியில் இது: "ஏக் பைர் மே ஸூஜன் ஹை. கூன் கா தக்கா தோ நஹி?" மராத்தியில்: "ஏகா பாயாலா சூஜ் ஆலி ஆஹே. ரக்தாச்சி குட்டளி ஆஹே கா?" ஒரு காலில் வீக்கம் இருக்கிறது, ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதுதான் பொருள். இப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் காலைப் பார்க்காமல் அனுப்ப மாட்டார்.

ஊருக்குப் போகும் ரெயில்

இரண்டு ஊசி முடிந்ததும், "இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வரட்டும்" என்று முடிவு செய்வது நம் குடும்பங்களில் வழக்கம். ஆசை நியாயமானது. சாலில் ஒற்றை அறையில் நோயாளியை வைத்துக்கொண்டு, பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நிற்கவிடுவதைவிட ஊர்த் திண்ணை மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ஒன்றரை நாள் பயணம். பகல் முழுவதும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் தேங்கும். அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று நோயாளி தண்ணீரும் குடிப்பதில்லை. நல்ல உடம்புக்காரருக்கே நீண்ட பயணத்தில் சிறிது ஆபத்து உண்டு. மேலே சொன்ன மூன்று காரணங்களையும் உடம்பில் வைத்திருப்பவருக்கு அது பெரிய ஆபத்து. நடு வழியில், இரவில், எந்த ஊர் என்று தெரியாத இடத்தில் மூச்சுத் திணறினால் யார் என்ன செய்ய முடியும்?

அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்: "இவர் ஒன்றரை நாள் ரெயிலில் போகலாமா? போவதானால் ஊசியோ மாத்திரையோ வேண்டுமா?" கால் வீங்கியிருந்தால், ஸ்கேன் எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரெயில் ஏறவே கூடாது. போன டிக்கெட் பணம் போகட்டும்.

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரெயில்வே கட்டணச் சலுகை தருகிறது. ஆஸ்பத்திரி தரும் சான்றிதழைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கீழ்ப் படுக்கை கேட்டு வாங்க வேண்டும். பகலில் படுக்கையை மடக்கி எல்லோரும் உட்கார வேண்டும் என்று சக பயணிகள் சொல்வார்கள். நோயாளி படுத்திருக்க மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று ரெயில்வேயே கேட்டுக்கொள்கிறது. டி.டி.ஈ.யிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். மணிக்கு ஒரு தடவையாவது நோயாளி எழுந்து பெட்டிக்குள் நாலு அடி நடக்க வேண்டும். முடியாவிட்டால் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். தண்ணீரைக் குறைக்க டாக்டர் சொல்லாதவரை நன்றாகக் குடிக்க வேண்டும். வழியில் ஏதாவது என்றால் 139 என்ற எண்ணுக்குப் பேசினால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டரை வரவழைக்க முடியும்.

மருந்து உண்டு, பாதியில் நிறுத்தக் கூடாது

உறைந்த ரத்தத்துக்கு மருந்து உண்டு. வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் உண்டு. வார்ஃபரின் மாத்திரை உண்டு. அண்மைக் காலத்தில் வந்த அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற மாத்திரைகள் உண்டு. இவை கட்டியைக் கரைத்துவிடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கட்டி மேலும் வளராமல் இவை தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்துகொள்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

புற்றுநோயாளிகளுக்கு எது நல்லது என்பதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் மறுபடியும் உறைந்தவர்கள், ஊசி போட்ட 336 பேரில் 27 பேர். வார்ஃபரின் வகை மாத்திரை தின்ற 336 பேரில் 53 பேர். ஊசியே நல்லது என்று அதனால் தெரிந்தது. 2020-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அபிக்சபான் மாத்திரை அந்த ஊசிக்குச் சமமாகவே வேலை செய்தது. பெரிய ரத்தப்போக்கும் கூடவில்லை. தினமும் வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டிய கஷ்டம் பலருக்கு இதனால் தீர்ந்தது. இந்த மாத்திரைகளை இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்கின்றன. யாருக்கு எது என்பதை அவரவர் நோயைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய தவறு எங்கே நடக்கிறது? பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடுகிறது. "சரியாகிவிட்டது, எதற்கு இன்னும் செலவு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் வடிவது வேறு, ஆபத்து தீர்வது வேறு. குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம், புற்றுநோய் உடம்பில் இருக்கும்வரை சில சமயம் அதற்கு மேலும், மருந்து தேவைப்படும்.

பணம் இல்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் மறைப்பதில்தான் உயிர் போகிறது. மலிவான மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். ஜன் ஔஷதி கடையில் விசாரிக்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் அதில் கேட்கலாம். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமோ, ரேஷன் கார்டு ஊரில் இருந்தால் தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ பொருந்துமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள சமூகப் பணியாளரிடம் கேட்க வேண்டும்.

இந்த மருந்துகளில் அபாயமும் உண்டு. வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் முதலில் கடைக்கு வந்தது. அளவு கூடினால் உள்ளே ரத்தம் கசியும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு நாள் நிறையக் கீரை, மறுநாள் ஒன்றும் இல்லை என்று சாப்பாட்டை மாற்றக் கூடாது. எந்த மருந்தாக இருந்தாலும், கால் வலிக்கு, தலைவலிக்கு என்று கடையில் தானாக மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. நாட்டு மருந்து சேர்ப்பதானால் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்தாலும், ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலும், கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

மறுப்பவர்களுக்குப் பதில்

"அப்படியானால் எல்லாப் புற்றுநோயாளிக்கும் முன்கூட்டியே இந்த மருந்தைக் கொடுத்துவிடலாமே?" என்று கேட்பார்கள். ரத்தப்போக்கு ஆபத்து இருப்பதால் அப்படி எல்லோருக்கும் கொடுப்பதில்லை. புற்றுநோயின் வகை, ரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கை, உடல் பருமன் முதலியவற்றைக் கணக்குப் போட்டு, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். எல்லோருக்கும் மருந்து கொடுக்க முடியாது என்பதாலேயே எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"ஏற்கெனவே பயந்துபோன ஆளை இன்னும் ஏன் பயமுறுத்த வேண்டும்?" இதுவும் ஒரு வாதம். முடி கொட்டும் என்று சொல்கிறோம். வாந்தி வரும் என்று சொல்கிறோம். அவற்றால் யாரும் சாவதில்லை. சாகக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லாமல் மறைப்பது என்ன நியாயம்? தெரியாத பயத்தைவிடத் தெரிந்த எச்சரிக்கை மேல்.

மூன்றாவது வாதம் வெளியே யாரும் சொல்லாதது, மனத்துக்குள் இருப்பது. "எப்படியும் அதிக நாள் இல்லை, இதற்கு வேறு செலவா?" நுரையீரல் புற்றுநோய் கொடிய நோய்தான். ஆனால் புதிய மருந்துகளால் வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியவர், கவனித்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஓர் அடைப்பால் ஒரே இரவில் போய்விடுவது கொடுமை. நாட்கள் குறைவாக இருப்பவருக்கும் அந்த நாட்கள் மூச்சுத் திணறாமல், கால் வலிக்காமல் கழிய வேண்டாமா? மகள் கல்யாணத்தைப் பார்ப்பதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும் அந்த நாட்களில்தானே?

சங்கங்கள் செய்யக்கூடியது

மும்பைத் தமிழர்களிடம் சங்கங்களுக்குக் குறைவு இல்லை. பொங்கல் விழா நடக்கிறது. கோயில் கொடை நடக்கிறது. மாதா கோயில் திருவிழா நடக்கிறது. ஒருவர் நோயில் விழுந்தால் வசூல் செய்து கொடுப்பதும் உண்டு. அந்த வசூலுக்குத் தலைவணங்க வேண்டும். அதோடு இன்னொரு உதவியும் செய்யலாம். இந்தியும் மராத்தியும் படித்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு பேர் முறை வைத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் அது ரூபாயைவிடப் பெரிய தானம். விர்ச்சோவின் பிறந்த நாளான அக்டோபர் 13-ஐ ரத்த உறைவு பற்றிய உலக நாளாக 2014 முதல் அனுசரிக்கிறார்கள். அந்த வாரத்தில் சங்கக் கூட்டத்தில் ஒரு தமிழ் டாக்டரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொன்னால் அரங்கம் நிறையும்.

ஆஸ்பத்திரிகள் சீட்டு அச்சிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள ஐந்து வரிகளை வெட்டி எடுத்து மருந்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலோ ஒரு கையோ வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டு.

வீங்கிய இடத்தை நீவாதே, எண்ணெய் தேய்க்காதே.

திடீர் மூச்சுத் திணறல், மார்புக் குத்தல், மயக்கம் வந்தால் உடனே 108-க்குப் பேசு.

டாக்டரைக் கேட்காமல் நீண்ட பயணம் போகாதே.

வீக்கம் வடிந்தாலும் மருந்தை நீயாக நிறுத்தாதே.